யார் பிடித்தாலும் அதே கூர்

சாணை பிடிக்கும்போது உளியைத் தாங்கிக்கொள்ளும் ஜிக் ஒன்றை ஆட்டிப் பார்த்த வினோதா, அதை மூக்கண்டப்பள்ளி டூல்ஸ் கடையின் மேசைமேல் போட்டாள்.

"இது ஆடுது. உளி ஒரே சாய்வுல நிக்கணும். நல்லதா எடுங்க."

சேல்ஸ்மேன் அசையவில்லை. "ஜிக்கெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு, மேடம். கடைசல் உளிக்குக் கையால சாணை பிடிச்சாத்தான் சரி. வீட்ல ஆளில்லீங்களா?"

"இருந்தாருங்க. 'என் கை படலைன்னா உன் கடைசல் மிஷின் ஒரு வாரம் ஓடாது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"நெசந்தானுங்க. ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துடுவாரு."

"கூப்பிடக் கூடாதுன்னுதான் ஜிக் வாங்க வந்தேன்."

அவர் வேண்டாவெறுப்பாக இன்னொன்றை எடுத்துவைத்தார். கொண்டுவந்த உளியை அதில் முடுக்கி, கடையின் சாணைச் சக்கரத்தில் அவளே தீட்டினாள். காகிதத்தில் வைத்ததும் சரக்கென்று கிழித்தது.

"பில் போடுங்க."

"மாதேஷ் கடைசல் பட்டறைன்னுதானே?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"வினோதா கடைசல் பட்டறை. போர்டை நேத்தே மாத்திட்டேன்."

பில்லை வாங்கிக்கொண்டவள், அவர் சட்டையில் கோணலாகக் குத்தியிருந்த 'மாதேஷ்' என்ற பெயர் அட்டையை நேராக்கிவிட்டாள்.

"வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க, மாமா. இன்னும் முப்பது கட்டில் கால் நான் கடையணும். நீங்க உளியைத் தொட வேணாம், சோறு ஆக்கினாப் போதும்."