அவள் தவறவிட்ட அம்புகள்

வில் வந்துவிட்டது. கை வரவில்லை.

திரையில் ஒரு வில் அந்தரத்தில் நின்று தானாக வளைந்தது. அம்பு பின்பக்கமாகப் போனது.

“ஜின் பிடிச்ச வில்லுடா மச்சான்,” என்றான் அன்ஸார்.

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

அன்ஸார் கணினி திருத்துபவன். என்னோடு படித்தவன். கடைசிப் பாதையை, அந்த மிதவைப் படகைப் பிடித்துக் கடலைக் கடந்து கிண்ணியாவுக்குப் போக வேண்டும். போகாமல் இருந்தான்.

“பழசை விடு. புதுசா ஒரு ஆட்டம் தொடங்கன். ராசாவை நீயே காப்பாத்து. ஆரு வேணாங்கிறது?”

“ஏலாது மச்சான். அவளின்ட ஆட்டம்தான் வேணும்.”

அவன் மறுபடி விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.

விளையாட்டு என் மனைவி சுகிர்தாவுடையது. கோட்டைகளும் பூதங்களும் உள்ள ஒரு நாடு. அவள் எந்தக் கோட்டைக்கும் போகவில்லை. தொடக்கத்திலேயே ஓர் ஊர் வரும். அதன் பின்னால் புல்வெளி, வில் பழக ஒரு பலகை. அங்கேயே நின்றுவிட்டாள். ராசா சிறையிலேயே கிடந்தார்.

மவுஸைப் பழைய தாவரவியல் புத்தகத்தின்மேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு விளையாடுவாள். வாசலில் நின்றால் அவள் முதுகுதான் தெரியும். முதுகு திரையை மறைக்கும்.

எய்த அம்பு கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அம்பை விழுந்த இடத்திலேயே வைத்திருக்கும் மொட் ஒன்றை அன்ஸார்தான் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தான். விளையாட்டோடு சேர்த்துப் போடும் ஒரு சின்னக் கோப்பு.

அவள் போன பின் கணினியும் பழுதாகியது. அவள் சேமித்து வைத்த ஆட்டத்தை மீட்க முடிந்தது. மொட் போய்விட்டது; அன்ஸார் அதை மறுபடி தேடி எடுத்து வந்து பொருத்திக்கொண்டிருந்தான். அது இல்லாமல் திறந்தால் அம்புகள் தெரியாது. அப்படியே ஒரு தடவை சேமித்துவிட்டால் பிறகு எப்போதும் இல்லை.

எனக்கு அந்த அம்புகள் வேண்டும். புல்லில் கிடப்பவை.

அவளுக்குக் குறி வராது.

இறக்கக்கண்டியில் அவள் வீட்டு முற்றத்தில் கருவாடு காயும். காகத்துக்குக் கல் எறிவாள். ஒருநாளும் பட்டதில்லை. கல் எப்போதும் வாலுக்கு ஒரு சாண் பின்னால் விழும். காகம் எழும்பிப் போய்விடும். பொம்பிளை பார்க்கப் போன அன்றே கண்டேன்.

கலியாணத்துக்குப் பிறகு உட்துறைமுகப் பக்கம் குடிவந்தோம். மாலையில் சந்திப் பேக்கரியில் பாண் இறங்கும். பேக்கரிக்கு முன்னால் சென்றி, ஆமிக் காவலரண். சில நாட்களில் அங்கே நிற்கும் வாகனத்துக்குள் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டி இருப்பான். போகிற வருகிற இளைஞர்களைப் பார்த்து அவன் தலையை ஆட்டினால், அவர்கள் வீடு திரும்புவதில்லை. பெண்களை அநேகமாக விட்டுவிடுவார்கள்.

பாணுக்கு மனைவியை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க மாட்டேன் என்று நின்றேன்.

அப்படியென்றால் வில் சொல்லட்டும் என்றாள். நாளுக்கு ஓர் அம்பு. பலகையில் பட்டால் நான் போக வேண்டும். படாவிட்டால் அவள்.

நான் குசினியில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். அறையிலிருந்து சத்தம் வரும்.

“படேல்லை! நான் போறன்.”

“காகத்துக்கே படாத கை,” என்பேன்.

“ஓம், ஓம். நீங்கள் பெரிய வில்லாளி. தண்ணியை வத்த விடாதேங்கோ.” செருப்பைக் கொளுவிக்கொண்டே சொல்வாள்.

ஒரு மாலை, சென்றிக்கு எறிந்த குண்டு பேக்கரி வாசலில் விழுந்தது.

அன்றும் “படேல்லை” என்று சொல்லித்தான் போயிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் அந்தச் சந்திக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை அக்கா பாண் வாங்கித் தருகிறார்.

துறைமுகத்தில் நேவி, சுழியோடிகள் வராமலிருக்க, தண்ணீருக்குள் வெடி போட்டது. மேசை அதிர்ந்தது. அன்ஸார் மவுஸிலிருந்து கையை எடுத்தான். அதிர்வு அடங்கியதும் மறுபடி வைத்தான். சுகிர்தாவும் அப்படித்தான் செய்வாள். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் மூச்சைப் பிடித்து அம்பை விடுவாள்.

“பிழை விளங்கிட்டு,” என்றான் அன்ஸார். “மொட் கோப்பை நாம லிஸ்ட்டில முதலாவதா வெச்சிட்டம். மத்ததெல்லாம் பின்னால வந்து அதை மூடுது. கடைசியா வெச்சுப் பாப்பம்.”

அந்தக் கோப்பைப் பிடித்து எல்லாவற்றுக்கும் கீழே இறக்கினான். ஆட்டத்தைத் திறந்தான்.

கை வந்தது. பச்சைச் சட்டை போட்ட மெலிந்த கை. வில்லைச் சரியாகப் பிடித்திருந்தது. அவள் விட்ட இடத்திலேயே நின்றது.

நான் புல்லைப் பார்த்தேன். பலகைக்கு இடப்பக்கம், வலப்பக்கம், பின்னால் வேலியடி. வெறும் புல்.

“வரேல்லை,” என்றேன்.

“கொஞ்சம் மேல பாருடா.”

பலகையின் நடு வட்டம் தெரியவில்லை. அம்புக்கு மேல் அம்பு. இன்னும் ஒன்று குத்த இடமில்லை.

அன்ஸார் சீட்டியடித்தான். “ஒரு அம்பும் தவறல்ல. இவவுக்கா மச்சான் குறி வராதெண்டு சொன்னாய்?”

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பாண் இறங்கும் நேரம்.

எழுந்து அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்தேன். செருப்பைக் கொளுவினேன்.

“எங்கடா போறாய்?”

“பாணுக்கு,” என்றேன். “பட்டிருக்கு. நான் போறன்.”