மாவட்டத்தில் ஒருத்தி

பால் பொங்குகிறது, அடுப்பை அணைக்கிறேன். டிபன் பாக்ஸில் தயிர்சாதத்தை அடைத்துவிட்டு மகள் கனிஷ்காவுக்குத் தலை பின்ன உட்காருகிறேன். வீங்கிய கணுக்காலைத் தலையணைமேல் நீட்டியிருக்கிறாள். ஜன்னல் வெயில் அந்த வீக்கத்தில் பளபளக்கிறது. கிருமி எதுவும் இல்லாமலே எலும்பு வீங்கி வலிக்கும் நோய். குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவது. அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கும் டாக்டர் போனில் அழைக்கிறார். கையில் பின்னல் இருப்பதால் ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"புதுக்கோட்டையில இதுவரைக்கும் ஒங்க பொண்ணு ஒருத்திதாங்க சார்."

கனிஷ்கா சட்டென்று திரும்ப, பின்னல் அவிழ்கிறது. "நான்தான் ஃபர்ஸ்ட்டா?" என்று சிரிக்கிறாள். பிறகு, "அப்ப மத்த புள்ளைகளுக்கெல்லாம் வலிக்கலையாப்பா?"

போனிலிருந்து டாக்டரே பதில் சொல்கிறார். "வலிக்கும்மா. பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்குதுன்னு வீட்டுல விட்டிருப்பாங்க. அவங்க எங்க கணக்குக்கே வரல." பிறகு என்னிடம், "ஒங்களுக்கு எப்படிங்க சந்தேகம் வந்துச்சு?"

எனக்கு வரவில்லை, என் மனைவி கலைவாணிக்குத்தான் வந்தது. டெங்குக் காய்ச்சலில் ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போகையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவள் கடைசியாகச் சொன்னதை டாக்டரிடம் அப்படியே சொல்கிறேன்.

"ஏங்க, பாப்பா நடிக்கலைங்க. திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க."