நாற்பத்தொன்றாம் முட்டை

குருதிக்குழாய் தழைக்காத இடத்தில் நுரையீரலும் தழைக்காது என்று நிறுவுவதற்காக, செண்பகவல்லி பதினோரு ஆண்டுகளாகக் கோழிமுட்டைகளின் ஓட்டில் நகமளவு சன்னல் வெட்டி, குழாய்களை வளரவிடாத மருந்தைச் சொட்டிக்கொண்டிருந்தாள். முதலாண்டில் மருந்து பெற்ற கரு எதுவும், இருபதாம் நாளில் ஓட்டுக்குள் எடுக்க வேண்டிய முதல் மூச்சை எடுக்கவில்லை. ஆகவே, மருந்திடும் அன்றைக்கே நோட்டின் கடைசிக் கட்டத்தில் பென்சிலால் ‘இறந்தது’ என்று எழுதிவிடுவது அந்த ஆய்வகத்தின் வழக்கமாயிற்று. கண்ணும் கையும் ஓய்ந்தவர்களுக்கு அது ஒரு வேலை மிச்சம்.

அவளுடைய ஆய்வுக் கட்டுரை இதழுக்கு அனுப்பப்பட வேண்டிய மாலையில், இருபதாம் நாள் முட்டைகளைக் கழிவு வாளியில் இட்டுக்கொண்டிருந்த உதவியாளர் இருதயராஜின் கை நின்றது.

“அம்மா, நாப்பத்தொண்ணு கத்துதும்மா.”

“அது செத்தாச்சு இருதயராஜ். நோட்டுல பாருங்க.”

“நோட்டுல செத்துத்தாம்மா இருக்கு. அதுக்குப் படிக்கத் தெரியல போல.”

எழுந்திருக்கவே அவளுக்கு அலுப்பாக இருந்தது. எழுந்து சென்று முட்டையை வாங்கிக் காதோடு வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளிருந்து ஈர நூலை இழுத்தாற்போல மெல்லிய கீச்சொலி ஒன்று வந்தது, பிறகு அமைதி. இத்தனை ஆண்டுகளில் எத்தனை முட்டைகள் இப்படிக் கத்தியபடியே வாளிக்குள் போயினவோ, அவள் அறியாள்.

“ரப்பர் எடுத்தாரவாம்மா, இல்ல வாளியில போட்டுரவா?” என்றார் இருதயராஜ்.

அவள் கையமர்த்தினாள். அடுத்த கீச்சொலி வரட்டும் என்று, தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.