இடது கால்

“கால எடு, கால எடுப்பா, பிரேக்குல இருந்து கால…”

“எங்கிட்டு எடுக்க? செவுரு மூஞ்சிக்கு நேரா வருது, நீ கால எடுங்கிற…”

“வரட்டும்! ஆக்சிலேட்டர மட்டும் விடாத…”

“இந்தா, இடிச்சிருச்சு. திருப்தியா?”

திரையில் சிவப்புக் கார் மலைச்சுவரில் மூக்கை நசுக்கிக்கொண்டு புகைவிட்டது. ஏழாவது தடவை.

தாமரைச்செல்வி செல்போனைப் பார்த்தாள். ஐந்து முப்பத்தெட்டு.

ஆறு மணியோடு சரி. மேஜையில் ஸ்டீயரிங், தரையில் பெடல்கள் என்று நிஜக் கார் மாதிரியே ஓட்டுகிற இந்தக் கார் கேமில் வேகமாக ஓட்டிய பன்னிரண்டு பேரைப் பொறுக்கி, கோயம்புத்தூரில் நிஜ ரேஸ் காரிலேயே ஒரு மாதம் பழக்கப் போகிறார்கள். அவள் ஒன்பதாவது. வயது பதினேழு என்பதால், அப்பா கையெழுத்துப் போட்ட தாளைப் படமெடுத்து அனுப்பினால்தான் இடம். தாள் டிவிக்குப் பக்கத்தில், ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடந்தது.

போடமாட்டேன் என்று அப்பா நல்லகாமன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுது அடம்பிடித்தாவது வாங்கியிருப்பாள்.

“வண்டிய வழுக்கவிடுறதெல்லாம் ஒரு ஓட்டாத்தா? அடுத்தவனுக்குக் கத்துக்குடுக்க முடிஞ்சாத்தான் அது ஓட்டு. எனக்குக் கத்துக்குடு. பத்துத் தடவ ஓட்டுறேன். ஒரே ஒரு தடவ அந்தக் கொண்டை ஊசி வளைவ இடிக்காம வழுக்கித் திருப்பிட்டேன்னா, கையெழுத்து.”

திருமங்கலத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவர் காரில் அது இடது காலுக்கு வாகாக இருக்கும். பழகுகிறவர் எதிரே மாட்டைப் பார்த்துப் பதறினால், இவர் பேசுகிற பேச்சை நிறுத்தாமலே இடது கால் போய் மிதித்துவிடும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்க்கும்போது அதில் ஒரு பஸ் குறுக்கே வந்தால்கூட அந்தக் கால் தரையை மிதிக்கும். அம்மா சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோய், இப்போது சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

இங்கேயும் அதே காலின் வேலைதான். ஆக்சிலேட்டரில் இருக்கும் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. காரின் பின்பக்கம் வழுக்க ஆரம்பித்ததுமே, இடது கால் பிரேக்குக்குப் பாய்கிறது.

“யப்பா, கேளு. பின்பக்கம் எங்கிட்டு வழுக்குதோ அங்கிட்டே ஸ்டீயரிங்க ஒடி. வலது கால எடுக்காத. அம்புட்டுத்தான்.”

“வழுக்குச்சுன்னா வண்டி கைய விட்டுப் போச்சுன்னு அர்த்தம்த்தா.”

“போகலப்பா. நாமளா விடுறோம். விட்டுட்டுப் பிடிச்சிருக்கோம்.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரைக்குத் திரும்பினார்.

எட்டாவது தடவை. இடது கால் பாய்ந்தது. கார் பம்பரமாய்ச் சுற்றியது.

“ஒன் காலக் கட்டித்தான் போடணும்.”

“கட்டேன். கொடியில துண்டு கெடக்கு.”

சிரிக்க நேரமில்லை. தரையில் உட்கார்ந்து அவருடைய இடது காலைப் பிடித்து, நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்தாள். “இங்கயே கெட” என்று காலிடமே சொன்னாள்.

ஒன்பதாவது தடவை. கால் துள்ளியது, அடங்கியது, மறுபடி துள்ளியது. வளைவில் பாதி தூரம் கார் அழகாக வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் கால் பாய்ந்துவிட்டது. சுவர்.

ஆனாலும் பாதி! பாதி வளைவு!

ஐந்து ஐம்பத்தொன்று.

நல்லகாமன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி, பேனாவைத் தாளின் மேல் வைத்தார். இடது காலைத் தானாகவே மடக்கிக்கொண்டார்.

“கடைசி” என்றார்.

அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. தரையில் இருந்தபடியே திரையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வளைவு வந்தது.

பின்பக்கம் விலகியது. ஸ்டீயரிங் அதே பக்கம் ஒடிந்தது. இடது கால், தூங்குகிற பூனை மாதிரி நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

மலைச்சுவர் ஒரு சாண் தள்ளி, உரசாமல் ஓடியது. கார் ரோட்டுக்குக் குறுக்கே நின்ற வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு போனது. அவர் கைகள் ஒரு நூல் திருப்பின, ஒரு நூல் விட்டன. அவள் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தோள் தளர்ந்திருந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்புக்கூட.

பாதி தாண்டியது. முக்கால். அந்தப் பக்கம் நேர் ரோடு தெரிந்தது.

அவர் கண் திரையை விட்டு, தாளுக்குப் போய், திரும்பி வந்தது.

வலது கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது. பிரேக்கின் மேல் உட்கார்ந்தது. சிக்னலில் வண்டியை நிறுத்துகிற மாதிரி, நிதானமாக அழுத்தியது.

கார் வழுக்கலை விட்டு, விறைத்துக்கொண்டு நேரே சுவரில் போய் மோதியது.

“போச்சே” என்றார் நல்லகாமன். “பயந்துட்டேன்த்தா.”

பேனாவின் மூடியைத் தேடி மாட்டி, சட்டைப்பையில் செருகினார்.

ஐந்து ஐம்பத்து மூன்று.

தாமரைச்செல்வி நாற்காலிக்கு அடியில் கையை விட்டாள். இடது கால் மடக்கிய மேனிக்கே இருந்தது. அதன் மேல் கையை வைத்தாள்.

“பயந்தா இந்தக் காலுதானப்பா மிதிக்கும்?”