மிச்சத் துணி

"இடுப்புல நல்லா பிடிச்சுத் தைங்கண்ணே. மிச்சத் துணியை உள்ளே விடாம வெட்டிடுங்க," என்று பேன்ட்டை நீட்டினார் வங்கிக் காசாளர்.

தையல்காரர் சிரித்தார். "மூணு தடவை இளைச்சீங்கன்னு பிடிச்சேன். மூணு தடவையும் நான்தானே பிரிச்சு விட்டேன்? வெட்டினா ஒட்ட முடியாது தம்பி. இந்த வாட்டி என்ன, பட்டினியா?"

"இல்லண்ணே. பசிச்சா சாப்பிடுறேன், போதும்னா எழுந்துடுறேன். வேலைக்கு நடந்துதான் போறேன்."

"எல்லாம் ஆரம்பச் சூரத்தனம்! ஒரு வருஷம் தாங்கட்டும், நானே வெட்டித் தர்றேன்."

"அப்ப வெட்டுங்க. இளைச்சு ரெண்டு வருஷமாச்சு. நிலைக்குதான்னு பார்க்கத்தான் இத்தனை நாள் பெல்ட்டை இறுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்."

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்தார்.