போட்டது போட்டபடி

“தீ! தீ!” என்று தொண்டை கிழியக் கத்தினார் இன்சூரன்ஸ்காரர். மாதாந்தர ஒத்திகைதான். மனைவியும் மகளும் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. “சபாஷ்! யாரும் எதையும் தொடலையே?”

“நீங்க சொன்னபடி அடுப்பைக்கூட அணைக்கல,” என்றாள் மனைவி.

“அடுப்பா?”

“எண்ணெய் காயுது.”

சமையலறை ஜன்னலில் கரும்புகை கிளம்பியது. உள்ளே பாயப் போனவரின் சட்டையை மகள் இறுக்கிப் பிடித்தாள்.

“வெளிய வந்தவங்க திரும்பி உள்ள போகக் கூடாதுப்பா. நீங்கதானே சொன்னீங்க?”

தன் வாயே தனக்கு எமன். செல்போனும் உள்ளேதான் இருந்தது. எதிர்வீட்டு மாடியைப் பார்த்து, “சார்! ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணுங்க!” என்று அலறினார்.

எதிர்வீட்டுக்காரர் கைதட்டினார்.

“பிரமாதம் சார்! இந்த மாசம் புகையெல்லாம் போட்டு அசத்திட்டீங்க!”