ஃப்ளாரன்ஸிலிருந்து வந்தவள்

"ஷ்யாமு, உன் தோள்ல பல்லி ஊர்றதுடீ" என்றாள் ருக்கு மகளிடம், குரலைத் தாழ்த்தி.

ஷ்யாமளா திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தாள். தோளைத் தட்டிவிடக்கூட இல்லை.

பல்லி எதுவும் இல்லை. ருக்கு சோதித்துத்தான் பார்த்தாள். இத்தாலிக்குப் போவதற்கு முன்பு, பல்லி என்று யாராவது சொன்னாலே போதும், அலறி பில்டிங்கையே கூட்டிவிடுவாள் ஷ்யாமளா.

ருக்கு சமையலறையிலிருந்த கணவரிடம் போனாள்.

"ஏன்னா, இவ நடிக்கலை. நெஜமாவே ஒரு வார்த்தை தமிழ் தெரியலை."

வெங்கடராமன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஹாலை எட்டிப் பார்த்தார்.

பம்பாய் மாட்டுங்காவில் அந்த பில்டிங்கிலிருந்து வெளிநாடு போய்ப் படித்த முதல் பெண் ஷ்யாமளா. எம்.ஏ. முடித்த கையோடு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. இத்தாலிய மொழியும் அந்த நாட்டு ஓவியங்களும் படிக்க ஃப்ளாரன்ஸுக்குப் போகிறேன் என்றாள். கல்யாணம் செய்ய வேண்டிய வயதில் கப்பலேற்றுவதா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். படிக்கட்டும் என்று வெங்கடராமன் ஒரே பிடியாக நின்றார்.

இரண்டு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அறுபத்தாறு நவம்பரில் ஃப்ளாரன்ஸில் ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது. அவள் தங்கியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் மூழ்கிக் கிடந்தவளை மூச்சில்லாமல்தான் வெளியே எடுத்தார்களாம். பிறகு ஆஸ்பத்திரியில் உயிர் திரும்பியது.

பொங்கல் கழிந்து சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். கட்டிக்கொள்ள ஓடிய ருக்குவைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்வது போலத் தலையை லேசாகச் சாய்த்தாள். பேசியதெல்லாம் இத்தாலியன். இங்கிலீஷில்கூட நாலைந்து சொற்களுக்கு மேல் வரவில்லை.

பெரிய அதிர்ச்சியில் தாய்மொழிகூட மறந்து போகலாம், மெல்ல வரும் என்றார் டாக்டர். ருக்கு அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் வீட்டில் ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருந்தது. தன் பின்னல் தோளில் வந்து விழுந்தால் ஷ்யாமளா திடுக்கிட்டாள். குளியலறைக் கண்ணாடியை எப்போதும் துண்டால் மூடி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி கேட்டால் எழுந்து பால்கனியில் போய் நின்றுகொண்டாள். தட்டை நீட்டினால் நன்றி சொல்லி வாங்கினாள், பிறத்தியார் வீட்டில் தங்க வந்தவளைப் போல.

தான் பெற்ற பெண்ணோடு பகலில் தனியாக இருக்க ருக்குவுக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வெங்கடராமன் விசாரித்து ஓர் இத்தாலியப் பாதிரியாரைத் தேடிப் பிடித்தார். ஃபாதர் பியெத்ரோ. பம்பாய்க்கு வந்து பல வருஷம் ஆனவர். அவர் வந்து உட்கார்ந்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னதுமே ஷ்யாமளா உடைந்து போனாள். அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுது அழுது பேசினாள். ஃபாதர் முதலில் தலையாட்டினார். அப்புறம் கேள்வி கேட்டார். அப்புறம் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

என்ன சொல்கிறாள் என்று வெங்கடராமன் இங்கிலீஷில் கேட்டார். குழம்பியிருக்கிறாள் என்றார் ஃபாதர். ஒன்றை நிச்சயம் செய்துகொள்ளாமல் எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லி, ஃப்ளாரன்ஸில் அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளின் விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாசல்வரை போனவர் ருக்குவிடம் திரும்பி ஹிந்தியில் சொன்னார்.

"அவளிடம் பிரியமாக இருங்கள். உங்களைவிட அவள் அதிகம் பயந்துபோயிருக்கிறாள்."

அந்த வார்த்தை ருக்குவைத் தைத்தது. மறுநாள் தானே அவளை மணையில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். தயிர்சாதம் பிசைந்து கையில் உருட்டிப் போட்டாள். மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போய், கத்தரிக்காயைக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்தாள். ஷ்யாமளாவும் மழலை போலத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம் தானாகவே வந்து ருக்குவின் மடியில் தலைவைத்துப் படுத்தாள். அன்று சாயங்காலம் கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, "நம்ம பொண்ணு திரும்பி வந்துண்டிருக்கா" என்றாள் ருக்கு.

ஏப்ரலில் ஒரு காலை ஃபாதர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஃப்ளாரன்ஸ் வீட்டுக்கார அம்மாள் தன் மகளோடு கப்பலில் வந்து இறங்கியிருக்கிறாள் என்றார். அந்த வெள்ளத்தில் அவள் மகளையும் ஷ்யாமளாவையும் ஒரே இடத்திலிருந்துதான் எடுத்தார்களாம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் மூச்சு வந்ததாம். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

கறுப்பு உடையில் ஒரு அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"மம்மா" என்று ஷ்யாமளா ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அந்த அம்மாள் ஷ்யாமளாவின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, கண்களுக்குள் எதையோ தேடுவது போலப் பார்த்தாள். பிறகு மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதாள். ருக்கு நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை நாள் எண்ணெய் தேய்த்துச் சோறு பிசைந்து போட்டவள் அவள்தான். அம்மா என்ற அந்தச் சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

பின்னால் வந்த மகளை யாரும் கவனிக்கவில்லை. நீலக் கண்ணும் செம்பட்டை முடியுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராக ருக்குவிடம் போய், அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நான்தாம்மா" என்றாள் தமிழில். "ஏன் இப்படி எளைச்சுப் போயிட்டே?"